காலேஜ் காட்டுகிறேன் என்று வேனில் ஏற்றினார்கள், 13,500 போச்சு

ஞாயிறு ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து திரும்பினோம், இன்றைக்கு வியாழன், இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. பாபநாசம், கும்பகோணம் பக்கம் ப்ளஸ் டூ முடித்த பிள்ளை வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்.

அக்கா மகளுக்கு கட்ஆஃப் 200-க்கு 186. இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் சாய்ஸ் போடுவதற்கு முன்னால் நாலு காலேஜைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று நினைத்தோம், அவ்வளவுதான். கும்பகோணத்தில் மாடியில் போர்டு மாட்டியிருக்கும் ஒரு அட்மிஷன் கன்சல்டன்சி, பேர் வேண்டாம். அங்கிருந்து ஒருத்தர் வீட்டுக்கே வந்தார். திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தார், மேட்டூர் எப்போது திறப்பார்கள், குறுவைக்கு நாற்று விட்டாச்சா என்று விசாரித்தார், பிள்ளையைத் "தங்கச்சி" என்றார். கோயம்புத்தூரில் பேர்போன இன்ஜினியரிங் காலேஜ்கள் ஜி.சி.டி., பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி. மூன்றையும் உள்ளே போய்க் காட்டுவோம், சாப்பாடு, ரூம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 4,500 என்றார். அக்கா உள்ளே போய் உளுந்து விற்ற பணத்தை எடுத்து வந்து 13,500 எண்ணிக் கொடுத்தாள். ரசீது கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நம்ம ஊர்க்காரர், காபி வேறு குடித்திருக்கிறார்!

சனி, ஞாயிறு ட்ரிப். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எந்தக் காலேஜில் கிளாஸ் நடக்கும்? தடாகம் ரோட்டில் வேனை ஓரங்கட்டி, இறங்கக்கூட விடாமல், "அதுதாங்க ஜி.சி.டி." என்று கேட்டைக் காட்டினார்கள். மற்ற இரண்டுக்கு அதுவும் இல்லை. மிச்ச நேரமெல்லாம் ஊருக்கு வெளியே நாங்கள் கேள்விப்படாத இரண்டு தனியார் காலேஜ்களில்தான். ஏசி ஹாலில் ஒன்றரை மணி நேரம் படம் போட்டார்கள், லெமன் சாதம் கொடுத்தார்கள். லேபைத் திறந்து காட்டச் சொன்னால், கம்ப்யூட்டர் மேல் வந்த பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. பிள்ளை என் கையைச் சுரண்டி, "மாமா, இதுல யாரும் படிக்கவே இல்ல போல" என்கிறாள். வாசலில் கையெழுத்துப் போட்ட நோட்டில் 'யார் மூலம்' என்று ஒரு கட்டம், எங்கள் பேருக்கு நேரே அந்தக் கன்சல்டன்சி சீல் ஏற்கெனவே குத்தியிருந்தது. அப்போதுதான் புரிந்தது, 13,500 கொடுத்து எங்களை நாங்களே கொண்டுபோய் விற்றிருக்கிறோம். சாயங்காலம் ஒரிஜினல் டி.சி.யைக் கொடுத்து அட்வான்ஸ் கட்டுங்கள், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் எடுத்து வைக்கிறோம் என்றார்கள். 186 எடுத்த பிள்ளைக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவாம்! நல்லவேளை டி.சி. வீட்டில் இருந்தது.

திங்கள்கிழமை போன் போட்டால் "சார் மீட்டிங்ல இருக்கார்." செவ்வாய் "அடுத்த ட்ரிப்ல அட்ஜஸ்ட் பண்ணித் தர்றோம் அண்ணே." நேற்று நேரில் போனேன், ரிசப்ஷனில் இருந்த பெண், அந்தக் காலேஜிலேயே சேர்ந்தால் 13,500-ஐ ஃபீஸில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. திண்ணையில் உட்கார்ந்தவர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், கோபத்தில் ஓடவில்லை. கும்பகோணத்தில் ஜனசதாப்தி ஏறினால் ராத்திரி கோயம்புத்தூர், மறுநாள் வேலை நாளாகப் பார்த்து நீங்களே போய் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள், அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் பேசுங்கள். கவுன்சிலிங்குக்கு அரசாங்கம் வாங்குவது 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250, விண்ணப்பம் போடத் தெரியாவிட்டால் உதவி மையத்தில் போட்டுத் தருவார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, பில் இருந்தால் உடனே கூப்பிடுங்கள். என்னிடம் பில் இல்லை. அக்கா இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் பிள்ளை நம்பருக்கு அந்தக் காலேஜிலிருந்து இரண்டு கால்.