சாக் பெயிண்ட் பினாங்கு ஈரத்தைத் தாங்குமா?

லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய அலமாரி ஒன்றைப் பேரம் பேசி வாங்கியவர் அடுத்துத் தேடுவது பெரும்பாலும் சாக் பெயிண்ட்தான். 1990இல் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் கொண்டுவந்த சாயம் இது. இப்போது பல நிறுவனங்கள் இதே வகையில் செய்கின்றன. 'தேய்க்க வேண்டாம், பிரைமர் வேண்டாம், துடைத்துவிட்டு அப்படியே அடிக்கலாம்' என்ற பேச்சுதான் இதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. நம் ஊர்ப் பழைய சாமான்களுக்கு அந்தப் பேச்சு பாதிதான் பொருந்தும். சாயம் நல்ல சாயம். அதன்மேல் பூசச் சொல்லும் மெழுகுதான் இந்த ஈரத்துக்கு ஒத்துவராது.

சாதாரண எமல்ஷனைவிட இதில் சுண்ணாம்புத் தூள் அதிகம், பிசின் குறைவு. அதனால் காய்ந்தபின் பளபளப்பே இருக்காது. உப்புத்தாளை லேசாகக் காட்டினாலே மாவாக உதிரும். கடைசல் கால், செதுக்கு விளிம்பு, இழுப்பறை மூலை இங்கெல்லாம் அடிமரம் தெரியும்படி தேய்த்துப் பழசாக்க இதைவிடத் தோதான சாயம் கிடையாது. டப்பாவில் எழுதியிருக்காத நன்மை ஒன்றும் உண்டு. எமல்ஷன் அடித்த அலமாரிக் கதவு மழைக்காலத்தில் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் சாயம் தோலாக உரிந்து வரும். சாக் பெயிண்டில் பிசின் குறைவு என்பதால் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

விலை கூடுதல்தான், ஆனால் செலவாகும் அளவு கொஞ்சம். ஒரு லிட்டர் 13 சதுர மீட்டருக்கு வரும் என்பது ஆனி ஸ்லோன் டப்பாவின் கணக்கு. 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம், 60 செ.மீ. உயரமுள்ள கட்டிலோரப் பெட்டிக்கு மேல், முன், இரு பக்கம் சேர்த்து 0.93 சதுர மீட்டர். இரண்டு பூச்சுக்கு ஏறக்குறைய 145 மி.லி. போகும். 120 மி.லி. சின்ன டப்பாவை நம்பி இறங்கினால் கடைசிப் பக்கத்துக்கு முன்பே தீர்ந்துவிடும், இரண்டு டப்பா வாங்க வேண்டும். மூன்று சாமான் கையில் இருந்தால் பெரிய டப்பாவே லாபம்.

இனி 'தேய்க்க வேண்டாம்' என்பதற்கு வருவோம். பழைய பூச்சு என்னவென்று தெரியாமல் சாயத்தைத் திறக்காதீர்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டை வெள்ளைத் துணியில் நனைத்து, கண்ணில் படாத மூலையில் அரை நிமிடம் தேயுங்கள். பூச்சு பிசுபிசுத்துத் துணியில் பழுப்பாக வந்தால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லேக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் பாலியுரேத்தேன். அரக்குப் பூச்சின் மேல் சாயம் தானாகவே பிடிக்கும். கண்ணாடி போல் மின்னும் பாலியுரேத்தேன் மீது நேராக அடித்தால் நகத்தால் கீறினாலே பட்டையாகப் பெயரும். 180 எண் உப்புத்தாளால் மினுக்கம் மங்கும்வரை தேய்த்தால் போதும், மரம் தெரியத் தேய்க்க வேண்டியதில்லை. பல வருடமாகத் தெளிப்புப் பாலிஷ் போட்டுத் துடைத்த மேசையில் சிலிக்கோன் ஊறியிருக்கும். சாயம் அங்கே மீன்கண் போலக் குழிகுழியாக விலகி நிற்கும். அதற்கு முதலில் டர்பன்டைன், பிறகு சோப்புத் தண்ணீர், அப்புறம் ஒரு நாள் காயவிட வேண்டும். ஏற்கெனவே எண்ணெய்ச் சாயம் அடித்த மிகப் பழைய சாமானில் ஈயம் இருக்கக்கூடும், அதை ஈரமாக்கித்தான் தேய்க்க வேண்டும். தூசி பறக்கக் கூடாது, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பிரைமர் வேண்டாம் என்பதும் மரத்தைப் பொறுத்தது. தேக்கும் மஹோகனியும் சாறு விடும். வெள்ளை அடித்து இரவு போனால் காலையில் தேநீர் சிந்தியதுபோல மஞ்சளும் இளஞ்சிவப்புமாகத் திட்டுகள் எழும்பி நிற்கும். இன்னொரு பூச்சு அடித்தால் மறையும் என்று நினைத்து நான்கு பூச்சு அடிப்பவர்கள் உண்டு. சாயத்தில் உள்ள தண்ணீரே சாற்றை மேலே இழுக்கிறது, ஆகவே ஒவ்வொரு பூச்சுக்கும் கறை திரும்ப வரும். மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு கை பூசினால் அங்கேயே அடைத்துவிடும். ஒரு மணி நேரத்தில் மேல்சாயம் அடிக்கலாம். பழைய அலமாரியின் உள்ளே அந்துருண்டை நாற்றம் ஊறிப்போயிருந்தாலும் இதே அரக்குதான் மருந்து.

சாயம் அடித்த மறுநாள் பிடிமானத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி: பிளேடால் பெருக்கல் குறி கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி, சுண்டி இழுங்கள். விளிம்பு வெண்மையாகப் பெயர்ந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மேல் சொன்ன தேய்ப்பு வேலைக்குத் திரும்பவும்.

மெழுகுக்கு வருவோம். குளிர்ந்த நாட்டில் மெழுகு பூசி மெருகேற்றிய சாக் பெயிண்ட் பட்டுப்போல் இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது இறுகவே மூன்று வாரம்வரை ஆகும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். மெழுகு போட்ட மேசையில் தே தாரிக் குவளையை வைத்தால் வளையம் விழும். நம் வீடுகளில் பழைய பெட்டியை மாற்றிச் செய்வது பாதி நேரம் சாமி மேடைக்குத்தான். சாமி விளக்கின் எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தாலே மெழுகை இளக்கி, சாயத்துக்குள் இறங்கி, கருந்திட்டாகிவிடும். குங்குமம் விழுந்தால் துடைக்கத் துடைக்கப் பரவும். காற்றோட்டமில்லாத சுவரோரத்தில் மெழுகுப் பரப்பின்மேல் பூஞ்சையும் பூக்கும்.

தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட மேட் பாலியுரேத்தேன் மூன்று கை பூசுவதே இங்கே சரி. டப்பாவைக் குலுக்காமல் அடிவரை கிண்டிவிட வேண்டும். மினுக்கத்தைக் குறைக்கும் தூள் அடியில் படிந்திருக்கும், கிண்டாமல் எடுத்தால் முதல் கை பளபளக்கும், கடைசிக் கை வெளுக்கும். பூச்சுக்குப் பூச்சு 320 எண் தாளால் ஒரு தடவல். எண்ணெய் வார்னிஷ் வெள்ளைச் சாயத்தை மாதக்கணக்கில் மஞ்சளாக்கும், அதைத் தவிர்க்கவும். மெழுகு பூசிய சாமானில் பாலியுரேத்தேன் பிடிக்காது. இரண்டையும் கலக்க நினைப்பவர்கள் மெழுகை டர்பன்டைனால் முழுக்கத் துடைத்தெடுத்த பிறகே தொடங்க வேண்டும். மழை கொட்டும் நாளில் வேலையைத் தள்ளிப்போடுங்கள். முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகலாம், அதுவரை கனமான சாமானை மேலே வைத்தால் அடித்தடம் பதியும்.

வீட்டிலேயே கலப்பதும் மோசமில்லை. ஒரு கப் மேட் எமல்ஷனுக்கு மூன்றில் ஒரு கப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதே அளவு தண்ணீர். தூளை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டி, அதன் பிறகுதான் சாயத்தில் ஊற்ற வேண்டும். பிளாஸ்டர் தானே இறுகும் பொருள், அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும். மறுநாள் திறந்தால் மணல் மணலாக இருக்கும். கால்சியம் கார்பனேட் தூள் இறுகாது, அடுத்த வாரமும் கிண்டிப் பயன்படுத்தலாம், பரப்பும் வழவழப்பாக வரும். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்பு மலையாகவே இருக்கும் நாட்டில் இந்தத் தூளுக்கா பஞ்சம்? கோலமாவைப் போட்டுப் பார்க்காதீர்கள், தூரிகைக் கோடு முழுக்க நொய்யாக நிற்கும். கடைச் சாயத்தின் அடர்த்தி வீட்டுக் கலவைக்கு வராது. கரும்பலகை நிறத்தின்மேல் வெள்ளை அடிக்க இரண்டுக்குப் பதில் மூன்று கை ஆகும்.

சாயத்தைப் போலவே சாமானையும் பார்த்து வாங்க வேண்டும். இழுப்பறையைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டுங்கள். டால்கம் பவுடர் மாதிரி மெல்லிய தூளும் ஊசித்துளையும் தெரிந்தால் மரவண்டு. ரப்பர் மரத்தையும் பிரம்பையும் அது விரும்பித் தின்னும். கசகசா போன்ற குருணை கொட்டினால் உலர்மரக் கரையான், அதை வீட்டுக்கே கொண்டுவராதீர்கள். பழைய செங்கால் (chengal) மரச் சாமான்களுக்கும் நல்ல தேக்குச் சாமான்களுக்கும் சாயம் அடிப்பது வீண் வேலை, பாலிஷுக்குத்தான் மதிப்பு. இழுப்பறை ஓடும் பட்டையில் சாயமே படக் கூடாது. இந்த ஈரத்தில் மரம் உப்பி, சாயத்தின் தடிமனும் சேர்ந்து நடுவழியில் இறுகி நிற்கும். அங்கே மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும், மெழுகுக்கு நம் ஊரில் அந்த இடம் சரி.

கைப்பிடிகள் பித்தளையா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பித்தளைதான், புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, சோடா மாவு கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்துக் காயவைக்கலாம். காந்தம் ஒட்டினால் இரும்பின்மேல் முலாம். புளி பட்டால் முலாம் போய்க் கருப்புப் பல் இளிக்கும், சோப்புத் தண்ணீரே போதும்.

பழைய நாள்காட்டிச் சாமிப்படம், பாத்தேக் துணித்துண்டு, பெரனாக்கான் ஓடு வடிவம் போன்றவற்றை ஒட்டும் வேலைக்கு இந்தச் சாயம் நல்ல அடித்தளம். இங்க்ஜெட் நகல் பசையில் கரைந்து நிறம் ஓடும், கடையில் லேசர் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றடுக்குக் கைக்குட்டைத் தாளாக இருந்தால் அச்சிட்ட மேலடுக்கை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அடித்தாள் ஒட்டியே இருந்தால் ஓரம் கட்டாயம் எழும்பும். பசையை மரத்தில் தடவி, படத்தை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, ஒரு இரவு காயவிட்டு, பிறகுதான் மேல்பூச்சு. உள்ளே சிக்கிய காற்றுக்கொப்புளத்தை ஊசியால் குத்திப் பசை விடலாம், ஆனால் அது ஈரம் காய்வதற்குள் நடக்க வேண்டும்.