‘கிரிமியப் போர் வாள்’ என்று விற்கப்படும் 1890களின் வாள்: சேகரிப்பவர்கள் கவனத்துக்கு

‘1854, கிரிமியாவில் சண்டை பார்த்தது’ என்று, அதாவது ரஷ்யாவோடு பிரிட்டன் மோதிய போரில் இருந்தது என்று, விளம்பரம் செய்து, அதற்கேற்ற விலையும் வாங்கிக்கொண்டு, இங்கிலாந்து வியாபாரி ஒருவர் அனுப்பிய காலாட்படை அதிகாரி வாள் 1890களில் செய்யப்பட்டது. கோத்திக் பாணி (பழைய சர்ச் ஜன்னல் போன்ற வளைவுகள் கொண்ட) பித்தளைக் கைக்காப்பில் உள்ள ‘வி.ஆர்.’ (விக்டோரியா ரெஜினா, அதாவது விக்டோரியா ராணி) முத்திரைதான் அவர் காட்டிய ஒரே சான்று. அது சான்றே ஆகாது. விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தப் பித்தளைக் காப்பு 1895 வரை வழக்கில் இருந்தது.

காலத்தைச் சொல்வது அலகுதான். 1845 வகை அலகு லேசாக வளைந்திருக்கும், நீளவாக்கில் அகலமான ஒற்றைப் பள்ளம் ஓடும், வெட்டவும் குத்தவும் ஆகும். 1892இல் வந்தது நேரானது, குத்துவதற்கென்றே செய்தது, குறுகலான பள்ளம், கைப்பிடிப் பக்கம் நல்ல தடிமன். வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது ரகம். உறையோ பழைய வளைந்த உறை. நேரான அலகு பாதியிலேயே உரசி நிற்கிறது.

வாள் லண்டன் வாள் நிறுவனமான வில்கின்சனின் தயாரிப்பு. அவர்கள் அலகின் முதுகில், கைக்காப்பை ஒட்டி, வரிசை எண் பொறிப்பார்கள். 1854இல் அது ஐயாயிரத்தை ஒட்டி இருந்தது. இதில் முப்பத்தோராயிரத்துச் சொச்சம்! விற்பனைப் படங்களில் முதுகு ஒன்றில்கூடத் தெரியவில்லை. அந்த எண்களுக்கான சோதனைப் பதிவேடுகள் (அலகின் உறுதியைச் சோதித்து எழுதிய ஏடுகள்) இன்றும் இருக்கின்றன. தேதி கிடைக்கும், பல வாள்களுக்கு வாங்கியவர் பெயரும் கிடைக்கும். அந்தப் பதிவு இல்லாமல் ‘இன்ன கேப்டனுடையது’ என்று சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள்.

இன்னொரு கேடு, அலகுக்கு பஃப் (மெருகுச் சக்கரம்) போட்டுக் கண்ணாடியாக்கியது. அமிலத்தால் அரித்த வேலைப்பாட்டில் பனி படர்ந்தாற்போல் ஒரு மங்கல் இருக்க வேண்டும். இதில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் அரித்து வரைந்த கிரீடத்தின் ஓரம் தெரிகிறது. இதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. காப்புக்கும் அலகுக்கும் இடையிலான தோல் வளையமும் இல்லை, விரலால் தள்ளினாலே காப்பு ஆடுகிறது. கைப்பிடி முனைக் குமிழின் உச்சியில், கைப்பிடிக்குள் ஓடும் அலகின் வாலைத் தட்டி மழுக்கிய இடத்தில் புதிய அரத்தின் கீறல்கள். கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

பணம் அனுப்பும் முன் முதுகு, குமிழின் உச்சி, சாய்ந்த வெளிச்சத்தில் அலகின் இரு பக்கம், உறையில் பாதி செருகிய நிலை, இந்தப் படங்களைக் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: விற்ற மறுநாளே அந்தப் பக்கத்தில் ‘1854’ காணாமல் போய், ‘விக்டோரியா காலம்’ என்று மாறியிருந்தது.