சீலர் அடித்தும் விழுகிற வட்டம்

மார்பிள் மேடைக்கு மறுபடி பாலிஷ் போட்டு முடித்த கையோடு எழுதுவது இது. கொஞ்சம் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

மார்பிள் என்றதும் எல்லாரும் கறைக்குத்தான் பயப்படுகிறார்கள். கறை போகட்டும், எடுத்துவிடலாம். பாதி எலுமிச்சையைக் கவிழ்த்து வைத்த இடத்தில் விழுமே ஒரு மங்கல் வட்டம், அதுதான் தீராத தொல்லை. நேர் மேலே நின்று பார்த்தால் தெரியாது. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது குனிந்து பாருங்கள்: ஓரம் கத்தரித்தாற்போல, உள்ளே பளபளப்பே இல்லாமல் கிடக்கும். தடவினால் லேசான சொரசொரப்பு. மேலே ஒட்டிய அழுக்கல்ல அது, கல் கரைந்த இடம். மார்பிளில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்ட நிமிடமே கரைய ஆரம்பித்துவிடும். சோப்புப் போட்டுத் தேய்ப்பது வீண் வேலை.

"சீலர் அடிச்சுட்டா ஒண்ணும் ஆகாது" என்பார்கள். ஆகும். சீலர் கல்லுக்குள் இறங்கி நுண்துளைகளை அடைக்கிறது. எண்ணெய் ஊறுவது தாமதமாகும், அவ்வளவுதான். மேற்பரப்பு அமிலத்துக்குத் திறந்தே கிடக்கிறது. வினிகரும் உப்புக்கறை நீக்கும் திரவமும் மார்பிள் பக்கமே வரக்கூடாது.

வட்டம் வெறும் மங்கலாக இருந்தால் மார்பிள் பாலிஷ் பவுடரை ஈரத்துணியில் தொட்டு, காயவிடாமல் இரண்டு மூன்று நிமிடம் தேய்த்துக் கழுவினால் போதும். விரலுக்குச் சொரசொரப்புத் தட்டினால் பவுடர் உதவாது. தண்ணீர் விட்டுக்கொண்டு 400, 800, 1500, 3000 என்று டைமண்ட் பேட் (வைரத்தூள் பதித்த தேய்ப்பு வட்டு; நம்பர் கூடக் கூட நயம்) வரிசையாக ஓட வேண்டும். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் முந்தைய பேடின் கீறல் பளபளப்புக்கு அடியில் அப்படியே நிற்கும். வட்டத்தை மட்டும் தேய்த்தாலோ அங்கே குழி விழுந்து, பழைய வட்டமே தேவலை என்றாகிவிடும். சுற்றிலும் அகலமாக விரித்துத் தேய்ப்பதுதான் முறை.

கிரானைட்டுக்கு இந்தத் தலைவலி இல்லை. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அது 6 முதல் 7, மார்பிள் வெறும் 3. கத்தி கீறாது, எலுமிச்சை அரிக்காது. ஆனால் வெளிர் நிற கிரானைட் எண்ணெய் குடிக்கும். அடுப்பைச் சுற்றிக் கருமை படரும். வாங்கும் முன் துண்டுக் கல்லில் தண்ணீர்ச் சொட்டை 15 நிமிடம் விட்டுப் பாருங்கள். அடியில் கருத்தால் சீலர் கட்டாயம். கறுப்பு கிரானைட்டை அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், சாயம் ஏற்றியிருந்தால் துணி காட்டிக்கொடுக்கும். சிங்க் வெட்டின் உள் மூலைகள் வளைவாக இருக்க வேண்டும். செங்கோணமாக வெட்டினால் விரிசல் அந்த மூலையில்தான் தொடங்கும். சிங்குக்கு முன்பக்கம் மிஞ்சும் ஒல்லியான கல் பட்டைக்கு அடியில் சாதா இரும்புக் கம்பி பதிப்பதும் ஆபத்து. ஈரத்தில் துருப்பிடித்து உப்பி, தாங்க வேண்டிய கல்லையே அது பிளந்துவிடும். ஸ்டெயின்லெஸ் கம்பி கேளுங்கள்.

தரைக்கு மார்பிள் என்றால் வாசலில் கால்மிதி கண்டிப்பாக வேண்டும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7. செருப்போடு வந்து தரையை அரைத்துவிடும். மழை படும் வெளிப்படிக்கு மார்பிள் பேச்சே வேண்டாம், மேற்பரப்பைத் தீச்சுடரால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட்தான்.

இத்தனையும் பார்த்தால் சமையல் மேடைக்குக் கிரானைட் என்றுதான் முடிக்க வேண்டும். யார் கேட்டாலும் அதையே சொல்வேன். எனக்கென்று இன்னொரு மேடை போட்டால் மறுபடி மார்பிள்தான். கிரானைட்டில் திட்ட எதுவும் இல்லை, நின்று பார்க்கவும் எதுவும் இல்லை. ஆனால் இந்தத் தடவை கண்ணாடிப் பாலிஷ் கிடையாது; 400-லேயே நிறுத்தி மேட்டாக விடச் சொல்வேன். வட்டம் அதிலும் விழும், ஆனால் சுற்றிலும் பளபளப்பு இல்லாததால் கண்ணில் குத்தாது. அதில் எண்ணெய் சீக்கிரம் ஊறும் என்பதால், கல் நன்றாகக் காய்ந்த பிறகு சீலர் இரண்டு பூச்சு.