இலங்கையா, உஸ்பெகிஸ்தானா, மொரோக்கோவா? சுங்கை சிப்புட் குழு ஒன்றுக்கான ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு பயணக் குழு சேர்ந்தால் அதில் யார் யார் இருப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஈப்போவில் வேலை செய்யும் இளவட்டங்கள், செம்பனைத் தோட்டத்தில் இன்னும் வேலையில் இருப்பவர்கள், சாப்பாட்டுக் கடை நடத்தும் பாய் குடும்பம், முட்டி வலித்தாலும் எதையும் விட்டுக்கொடுக்காத அக்காமார். பாதிப் பேர் இந்துக்கள், நிறைய முஸ்லிம்கள், கொஞ்சம் கிறிஸ்தவர்கள். ஆள் நடமாட்டம் குறைந்த மலை, காடு, பாலைவனமும் வேண்டும், சூஃபி ஞானிகள் வாழ்ந்து அடங்கிய இடங்களும் வேண்டும், இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க வேண்டும் என்று இந்தக் குழு கேட்கிறது. எங்கே அனுப்புவது?

கோலாலம்பூரிலிருந்து வரும் விளம்பரங்கள் இதற்கு உதவாது. ஒன்று முழுக்க ஸியாரத் (அடக்கத்தலங்களைத் தரிசிக்கும்) பயணமாக இருக்கும், இல்லாவிட்டால் முழுக்க மலையேறிகளுக்கானது. கலப்புக் குழுவுக்கு நான் பார்ப்பது மூன்று விஷயங்கள். குழுவில் எல்லோரும் உள்ளே போக முடியுமா? மலை ஏற முடியாதவர் அன்றைக்கு என்ன செய்வார்? தர்காவுக்கும் காட்டுக்கும் இடையே எத்தனை மணி நேரம் வேனில் உட்கார வேண்டும்? விலையை அதற்கப்புறம் பேசலாம்.

துருக்கியை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். கொன்யாவில் சூஃபிக் கவிஞர் மௌலானா ரூமி அடங்கிய இடம் 1927 முதல் அருங்காட்சியகம். அவர் மறைந்த டிசம்பர் 17-ஐ ஒட்டிச் சுழல் நடனம் பார்க்கப் பெருங்கூட்டம் கூடுகிறது. கப்படோக்கியாவில் பலூன் ஏறலாம். அழகான ஊர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கிருந்து போகிற குழுக்களுக்கு அது பேருந்தில் ஏறி இறங்கிப் படம் எடுக்கும் பயணமாகவே முடிகிறது.

மொரோக்கோவைத்தான் நம் இளைஞர்கள் அதிகம் கேட்கிறார்கள். ஒரே நாட்டில் 4,167 மீட்டர் உயர துப்கால் சிகரம், மெர்சூகா பக்கம் எர்க் செப்பி மணல்மேடுகள், நடுவில் ஃபெஸ் பழைய நகரம். சூஃபி மரபு என்று பார்த்தால் இந்தப் பட்டியலில் அதுவே கனமானது. வடக்கே ரிஃப் மலைத்தொடரில் ஜபல் அலம் என்ற உச்சியில் அப்துஸ்ஸலாம் இப்னு மஷீஷ் அடங்கியிருக்கிறார். அவருடைய மாணவர்தான் அபுல் ஹசன் ஷாதுலி. காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் தமிழ் முஸ்லிம்கள் ஓதிவரும் ஷாதுலிய்யா தரீக்காவின் (சூஃபி வழியின்) ஊற்றுக்கண் அந்த மலையில் இருக்கிறது. நம் பாய் வீட்டுப் பெரியவர்களுக்கு இது லேசான விஷயமில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. மொரோக்கோவில் முஸ்லிம் அல்லாதவர்களைப் பள்ளிவாசல்களுக்குள் பொதுவாக விடுவதில்லை. வழிகாட்டியோடு போய்ப் பார்க்கக்கூடிய காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் பள்ளிவாசல் ஒரு விதிவிலக்கு. ஃபெஸ் நகரில் இரண்டாம் மௌலாய் இத்ரீஸ் ஸாவியா, அஹ்மத் திஜானி ஸாவியா போன்ற சூஃபி மடங்களில் முஸ்லிம் அல்லாதவர் வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அது அவர்கள் வழக்கம், குறை சொல்ல நாம் யார்? ஆனால் கூட வந்த ஆசிரியரையும் அக்காமாரையும் ஒவ்வொரு ஊரிலும் சந்தில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் உள்ளே போய் வந்தால், இரண்டாம் நாளே குழு இரண்டாகிவிடும். தூரமும் ஒத்துவரவில்லை. ஜபல் அலம் வடக்கே, துப்கால் மராகேஷுக்குத் தெற்கே, மணல்மேடு கிழக்கே. ஃபெஸிலிருந்து மெர்சூகா போக ஏறக்குறைய முழுப் பகல் ஆகும். துப்காலுக்கு வழிகாட்டி இல்லாமல் ஏற விடுவதில்லை, குளிர்காலத்தில் பனியில் ஏற இரும்பு முள் மாட்டிய காலணி வேண்டும். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி 6.8 அளவிலான நிலநடுக்கம் அந்த அட்லஸ் கிராமங்களைத்தான் நொறுக்கியது. அங்கே போகிறவர்கள் உள்ளூர் வீடுகளில் தங்கி உள்ளூர்க்காரரையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டால் பணம் அந்த மலைக்காரர் கையில் போய்ச் சேரும்.

ஆக, முழுக்க முஸ்லிம் நண்பர்களாகச் சேர்ந்த, முட்டி நல்லபடியாக இருக்கும் குழுவுக்கு மொரோக்கோ. நம் குழுவுக்கு இல்லை.

உஸ்பெகிஸ்தானைப் பற்றி இந்தப் பக்கம் யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது ஆச்சரியம். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் 30 நாள் வரை விசா தேவையில்லை. தாஷ்கெண்டில் இறங்கினால் சமர்கண்ட், புகாரா வரை விரைவு ரயில். புகாராவிலிருந்து கொஞ்ச தூரத்தில் பஹாவுத்தீன் நக்ஷபந்த் (1318–1389) அடக்கத்தலம். நக்ஷபந்தி தரீக்கா உலகம் முழுக்கப் பரவியது இங்கிருந்துதான். கை வேலையில் இருக்கட்டும், மனம் இறைவனிடம் இருக்கட்டும் என்பது அவர் வழியின் சாரம். பால்மரம் சீவிக்கொண்டே சாமி பாட்டு முணுமுணுத்த நம் தாத்தா பாட்டிகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

அந்த வளாகத்தில் விழுந்து கிடக்கும் பழைய முசுக்கட்டை மரம் ஒன்றைச் சுற்றி மக்கள் வலம் வருகிறார்கள், குனிந்து அடியில் நுழைந்தும் போகிறார்கள். மதம் கேட்டு யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. உடையில் அடக்கம் இருந்தால் போதும். பெண்கள் தலைக்கு ஒரு துணி கொண்டு போக வேண்டும்.

இயற்கைப் பக்கம் பார்த்தால் புகாராவுக்கும் சமர்கண்டுக்கும் வடக்கே நூராதாவ் மலைகள் இருக்கின்றன. சென்டோப் போன்ற கிராமங்களில் வீட்டுக்காரரோடு தங்கலாம். ஓடைக் கரையில் வாதுமை மரங்களுக்கு நடுவே நடை. ஏற முடிந்தவர் மேலே போகலாம், மற்றவர் பாதி வழியில் தேநீர் குடித்துக்கொண்டு உட்காரலாம். முட்டி வலிக்காரருக்கு இதைவிடத் தோதான இடம் இந்தப் பட்டியலில் இல்லை. அப்புறம் கிஸில்கும் பாலைவனத்தில் வட்டக் கூடாரத்தில் ஓர் இரவு, பக்கத்திலேயே ஐதர்குல் ஏரி. 1969-இல் சிர்தர்யா ஆற்று வெள்ளத்தை அணையிலிருந்து திறந்துவிட்டதில் பாலைவனப் பள்ளத்தில் தேங்கி உருவான ஏரி அது. வழியில் நூராத்தா ஊரில் புனிதமாகக் கருதப்படும் ஊற்று, அதில் யாரும் பிடிக்காத மீன்கள். எல்லாம் ஒரே பாதையில் அமைகிறது, திரும்பித் திரும்பி ஓட வேண்டியதில்லை.

குறை இரண்டு. ஒன்று சாப்பாடு. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, சில இடங்களில் குதிரை இறைச்சியும் உண்டு. பிலாவ் சோற்றில் எது கிடக்கிறது என்று கேட்காமல் மாடு சாப்பிடாதவர்கள் கரண்டி வைக்க முடியாது. சைவக்காரர் ரொட்டி, தக்காளி வெங்காயக் கலவை, பூசணிக்காய் வைத்த சம்சா என்று ஒப்பேற்ற வேண்டும். ஊறுகாய் பாட்டிலும் பருப்புப் பொடியும் பெட்டியில் கட்டாயம். இரண்டாவது பருவம். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள்தான் சரி. ஜூலையில் வெயில் 40 பாகையைத் தாண்டும், ஜனவரியில் தண்ணீர் உறையும்.

இனி இலங்கை. கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்கு மூன்றரை மணி நேர விமானம். என் முதல் தேர்வு இதுதான், பக்கத்து நாடு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

சிவனொளிபாதமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2,243 மீட்டர் உயரம். உச்சியில் பாறையில் இருக்கும் பாதச்சுவடு பௌத்தர்களுக்குப் புத்தர் உடையது, சைவர்களுக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதம் நபி உடையது, கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமாவின் பாதம் என்பார்கள். நம் குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதே படிகளில் ஏற அவரவர் காரணம் இருக்கிறது. உலகம் சுற்றிய இப்னு பதூதா 1344-இல் இதில் ஏறினார், பாறையில் பதித்திருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியும் வைத்திருக்கிறார். சூஃபி ஃபக்கீர்கள் நூற்றாண்டுகளாக இந்த மலையைத் தேடி வந்த பாதையில்தான் நம் பயணத்தின் இன்னோர் இடமும் இருக்கிறது.

அது பலாங்கொடைக்கு அருகே குராகல. முஸ்லிம்கள் தப்தர் ஜெய்லானி என்பார்கள். மத்திய மலைநாடு சட்டென்று முடிந்து கீழே சமவெளி விரியும் விளிம்பில் ஒரு பாறை, குகைகள், சிறு பள்ளிவாசல். பாக்தாதில் வாழ்ந்து 1166-இல் மறைந்த முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி ஆதம் மலைக்கு, அதாவது சிவனொளிபாதமலைக்கு, போகும் வழியில் இங்கே தவமிருந்தார் என்பது மரபு. வரலாற்றுச் சான்று கேட்டால் மரபு என்றுதான் சொல்ல முடியும். அதே பாறைகளில் கிறிஸ்துவுக்கு முந்தைய பிராமிக் கல்வெட்டுகள் உண்டு, பழைய பௌத்தத் துறவியர் இருப்பிடம் அது. இரு தரப்புக்கும் இடையே நீண்ட நாள் இழுபறி. 2013-இல் பள்ளிவாசலைச் சுற்றியிருந்த கட்டுமானங்கள் அகற்றப்பட்டன. இன்றைக்குப் போகிறவர் விகாரையையும் பள்ளிவாசலையும் அடுத்தடுத்துப் பார்ப்பார். கும்பலாகப் போய் உரத்த குரலில் வழக்காடுவதற்கான இடமில்லை அது. குழுத் தலைவர் இதை வேனிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு இடங்களுக்கும் நடுவே பெலிஹுல் ஓயாவில் ஆற்றங்கரைத் தங்கல், மேலே ஹோர்டன் சமவெளி. அங்கே சுமார் ஒன்பது கிலோமீட்டர் சுற்றுப் பாதையில் உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளம். காலையில் சீக்கிரம் போகாவிட்டால் மூடுபனியைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாதமலை அடிவாரமான நல்லதண்ணி போகும்போது இரு பக்கமும் தேயிலைத் தோட்டம், தமிழ்ப் பெயர்ப்பலகை, லயன் வீடுகள், சின்னச் சின்ன மாரியம்மன் கோவில்கள். வெள்ளைக்காரன் கங்காணி வைத்து ஆள் பிடித்து அந்தத் தோட்டத் தமிழரின் முன்னோரை அங்கேயும் நம் முன்னோரை இங்கேயும் கொண்டு வந்தான். சாலையோரக் கடையில் டீ கேட்டாலே பேச்சு எந்தத் தோட்டம், தாத்தா எந்த ஊர் என்று போய்விடும். மொரோக்கோவில் எவ்வளவு செலவழித்தாலும் இது கிடைக்காது.

மலை ஏற்றம் சுலபமில்லை. நல்லதண்ணிப் பக்கம் 5,000-க்கு மேல் படிகள். சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் கிளம்ப வேண்டும். விடியுமுன் பால் எடுக்கப் போய்ப் பழகிய தலைமுறைக்கு எழுவது கஷ்டமில்லை, இறங்குவதுதான் கஷ்டம். முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். முடியாதவர்கள் அடிவாரத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஜப்பானிய அமைதித் தூபி வரை போய்த் திரும்பலாம், வழியெல்லாம் தேநீர்க் கடைகள். கடை, விளக்கு எல்லாம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரைதான். மற்ற மாதங்களில் இருட்டு, மழை, அட்டை. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் மலையகத்தில் பெரிய நிலச்சரிவுகளை உண்டாக்கியது, அதனால் சாலை நிலவரம் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

தமிழ்நாட்டை ஏன் சேர்க்கவில்லை என்று அக்காமார் சண்டைக்கு வருவார்கள். நாகூர் தர்காவுக்கு எந்த மதத்தவரும் போகலாம். அங்குள்ள மினாராக்களில் மிக உயரமான 131 அடி மினாராவைக் கட்டியதே தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். முத்துப்பேட்டையில் தர்காவும் உண்டு, அலையாத்திக் காட்டுக்குள் படகும் உண்டு. கோடியக்கரையில் வெளிமான், குளிர்காலத்தில் பூநாரை. தட்டையான நிலம், நம் சாப்பாடு, திருச்சிக்கு நேரடி விமானம். பெரியவர்களுக்கு அருமையான பயணம்தான். சாகசம் என்று சொல்லி இளைஞர்களிடம் பணம் வாங்கினால் மட்டும் அடி விழும்.

தேதி குறிப்பதில் கவனம் வேண்டும். சீனப் பெருநாளுக்கு ஊரே கடையடைக்கும், எல்லோருக்கும் லீவு, மலைப் பருவமும் அதுதான். ஆனால் 2027, 2028 இரண்டு வருடமும் ரமலான் மாதம் சீனப் பெருநாளை ஒட்டியே தொடங்குகிறது. நோன்போடு படி ஏறச் சொல்ல முடியாது. குராகல கந்தூரியை (ஆண்டு விழாவை) பார்க்க வேண்டுமென்று பாய் கேட்பார். அது இஸ்லாமிய நாட்காட்டியின் ரபீயுல் ஆகிர் மாதத்தில், இந்த வருடங்களில் செப்டம்பரை ஒட்டி வருகிறது. அப்போது சிவனொளிபாதமலையில் விளக்கு இருக்காது. இரண்டையும் சேர்க்க ஆசைப்படாமல் மலைப் பருவத்தையே பிடிக்கலாம். டிசம்பர் கடைசி அல்லது நோன்புப் பெருநாள் முடிந்த பிறகு ஏப்ரல். அந்த ஏப்ரலிலும் இடம் கிடைக்காவிட்டால் அதே லீவில் உஸ்பெகிஸ்தானுக்கு மாற்றிக்கொள்ளலாம், பருவம் ஒத்துவரும்.

இலங்கையில் வரிசை முக்கியம். குராகல முதலில், பிறகு ஹோர்டன் சமவெளி, கடைசியில் சிவனொளிபாதமலை. கால் பழகிய பிறகு படி ஏறலாம். அதற்கு முன்னால் பயிற்சிக்கு இங்கேயே பேராக்கில் கோர்பு மலை இருக்கிறது. 2,183 மீட்டர், சிவனொளிபாதமலையைவிட 60 மீட்டர்தான் குறைவு. ஆனால் படி கிடையாது, வேரும் சேறும்தான். கோர்பு ஏறி இறங்கியவர் அங்கே மூச்சு வாங்க மாட்டார். வன இலாகா அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிப் போட வேண்டும், யார் எழுதுவது என்று இந்த வாரமே முடிவு செய்துவிடலாம்.