ஸ்கார்பரோ பேஸ்மென்ட்டா, சப்வே அருகே அடுக்ககமா?

டொராண்டோவில் வந்திறங்கும் தமிழ்க் குடும்பத்துக்கு முதல் வாரத்திலேயே இரண்டு யோசனைகள் வந்து சேரும். "ஸ்கார்பரோவில் நம்மவர் வீட்டு பேஸ்மென்ட் காலியாக இருக்கிறது, உடனே குடிபோகலாம்" என்பார் உறவினர். ஸ்கார்பரோ டொராண்டோவின் கிழக்குப் பகுதி; பேஸ்மென்ட் என்பது வீட்டின் நிலத்தடித் தளம். "சப்வே பக்கத்தில் அடுக்ககம் பாருங்கள்" என்பார் உடன் வேலை செய்பவர். சப்வே என்பது நகரின் சுரங்க ரயில். இரண்டிலும் ஒவ்வொரு குளிர்காலத்தைக் கழித்திருக்கிறேன். என் முடிவு: குழந்தை இருக்கிறதென்றால் அடுக்ககம்தான். பேஸ்மென்ட் முதல் ஆறு மாதத்துக்கு மட்டும்.

அந்த ஆறு மாதத்தில் அதற்கு இணை கிடையாது. அடுக்கக மேலாளர் வேலைக் கடிதமும் கனடியக் கடன் வரலாறும் கேட்பார். புதிதாக வந்தவரிடம் இரண்டும் இருக்காது. நம்மவர் இன்னொருவரின் வாய்ச்சொல்லை நம்பிச் சாவியைக் கொடுப்பார். மார்க்கம் சாலைக் கடைகளில் முருங்கைக்காய், இடியாப்பம், கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும். எந்தப் பனிக்காலணி வழுக்காது என்று மாடியிலிருந்த அக்காதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார். என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டபோது மகளைப் பார்த்துக்கொண்டவரும் அவரே.

ஆனால் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் மாடியில் இருந்தது. ஜனவரி இரவுகளில் கீழே ஸ்வெட்டரோடு படுத்தோம். குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 டிகிரி வெப்பம் இருக்கவேண்டும் என்பது நகர விதி. எனக்கு அது தெரியும், ஆனாலும் கேட்கவில்லை. காகிதம் எதுவும் கேட்காமல் இடம் கொடுத்தவரிடம் விதியைப் பேச நா எழவில்லை. பேஸ்மென்ட்டின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். இருட்டும் தாழ்ந்த கூரையும் அதற்கடுத்தபடிதான்.

போக்குவரத்திலும் அடுக்ககத்துக்கே சாதகம். ஸ்கார்பரோ ரயில் பாதை 2023 ஜூலையில் தடம்புரண்ட விபத்தோடு மூடப்பட்டது. அங்கிருந்து சப்வே பிடிக்கக் கென்னடி நிலையத்துக்குப் பஸ்தான். இப்போது நாங்கள் இருப்பது விக்டோரியா பார்க் சப்வே நிலையத்தை ஒட்டிய கிரசண்ட் டவுனில். பனி கொட்டும் நாளில் அந்த நெருக்கத்தின் அருமை தெரியும். அருகே டான்போர்த் சாலையில் வங்காளிகளின் கடைகள், மீனுக்குக் குறைவில்லை. லிப்டுக்குக் காத்திருக்க வேண்டும், துணி துவைக்கக் கீழ்த்தளத்துக்கு இறங்க வேண்டும், பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாது. ஆனால் வெப்பம் குறைந்தால் தயங்காமல் மேலாளரிடம் சொல்வேன். அவர் கேட்காவிட்டால் நகராட்சியின் புகார் எண்ணான 311-ஐ அழைப்பேன்.

வாடகை விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடிவைக்கப்பட்ட வீடுகளுக்கு ஒன்டாரியோ மாகாணத்தின் ஆண்டு வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. புதிதாக அமைத்த பேஸ்மென்ட்டும் அதில் சேரலாம். பழைய அடுக்ககம் கண்ணுக்கு அழகாக இராது, ஆனால் வாடகை திடீரென எகிறாது.

பேஸ்மென்ட்தான் என்று முடிவானால், உரிமையாளருடன் சமையலறையோ குளியலறையோ பொதுவாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வாடகைதாரர் சட்டம் உங்களைக் காக்காது. தனி வாசல், ஏறி வெளியேறும் அளவுக்கு ஜன்னல், புகை எச்சரிக்கைக் கருவி, கார்பன் மோனாக்சைடு கருவி இவை நான்கும் கட்டாயம் வேண்டும். முதல் மாதம், கடைசி மாதம் இரண்டுக்கும் மேல் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தை மாதாமாதம் தொடரும்படி எழுதிக்கொள்ளுங்கள். அப்போதுதான் 60 நாள் முன்னறிவிப்பில் வெளியேற முடியும்.