என்செம்பல் தளம்: எக்ஸ், ஒய் பாடம் எடுப்பவர்கள் ஒருமுறை திறந்து பாருங்கள்

தருமபுரி பக்கம் பாலக்கோட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பாலினக் குரோமோசோம்கள் மனிதருக்கு எக்ஸ், ஒய், கோழிக்கு இசட், டபிள்யூ என்று போர்டில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம்தான், ஆனால் "அப்போ நம்ம எக்ஸ்ல இருக்கிற ஜீன் எல்லாம் கோழிக்கு இருக்காதா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள், அதற்கான பதிலைப் பிள்ளைகளே தேடி எடுக்க வழி செய்தது இந்தத் தளம்.

ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் தளம் இது. காசு கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம். மனிதன் என்று தேர்ந்தெடுத்து மரபணுவின் பெயரை டைப் செய்தால், அதே மரபணு மற்ற உயிரினங்களில் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்ற அட்டவணையையும் எடுக்கலாம்.

முதலில் ஆண்ட்ரோஜன் ஏற்பியை, அதாவது ஆண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தின் மரபணுவைத் தேடினோம். நமக்கு எக்ஸில், கோழிக்கு 4ஆம் குரோமோசோமில். சேவலுக்கும் பெட்டைக்கும் அது ஒரே மாதிரியான சாதாரண ஜோடி. நம் எக்ஸும் ஒய்யும்கூட ஒரு காலத்தில் அப்படியொரு ஜோடிதான் என்று மரபியல் விஞ்ஞானி சுசுமு ஓனோ 1967இலேயே எழுதிவிட்டார். அதை நான் சொன்னால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், அவ்வளவுதான். அட்டவணையில் பார்த்ததும் கேள்வி மேல் கேள்வி.

அப்புறம் டிஸ்ட்ரோபின், தசைச் சிதைவு நோயில் பழுதாகும் மரபணு. நம் எக்ஸில் 20 லட்சம் டிஎன்ஏ எழுத்துக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கோழியில் இது 4இல் இல்லை, 1ஆம் குரோமோசோமில் இருக்கிறது! ஒப்போசம் என்ற பைப்பாலூட்டியிலும் எக்ஸில் கிடையாது. ஆக, பைப்பாலூட்டிகள் தனியே பிரிந்த பிறகு, நம் வழியில் வேறொரு குரோமோசோமின் துண்டு வந்து எக்ஸோடு சேர்ந்திருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பையன் இதைச் சொல்லிவிட்டான், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது எஸ்ஆர்ஒய். கரு ஆணாக வளரத் தொடங்குவது இந்த மரபணுவால்தான், 1990இல் கண்டுபிடித்தார்கள். கோழியில் இதற்கு இணையே இல்லை. இதன் நெருங்கிய சொந்தம் எக்ஸில் இருக்கும் சாக்ஸ்3. இரண்டின் புரத வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: எஸ்ஆர்ஒய்யில் 204 அமினோ அமிலம், சாக்ஸ்3இல் 446, டிஎன்ஏவைப் பிடிக்கும் சுமார் 80 அமினோ அமிலம் உள்ள பகுதி மட்டும் நன்றாக ஒத்துப்போகும், மிச்சமெல்லாம் வேறு வேறு. ஆணுக்கே உரியது என்று நாம் நினைக்கும் மரபணு, சாக்ஸ்3 மாறி மாறி வந்த வடிவம்.

தளம் முழுக்க ஆங்கிலம், அட்டவணைகள் நீளமானவை. அதனால் போனில் வேண்டாம், லேப்டாப்பில் திறங்கள், முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுங்கள். ஏஆர் என்ற சுருக்கத்தில் ஆண்ட்ரோஜன் ஏற்பியைத் தேடித் தொடங்குவது சுலபம். கோழியைப் பார்த்ததும் பிளாட்டிபஸையும் பார்க்கச் சொல்லுங்கள். பாலூட்டிதான், பாலினக் குரோமோசோம்கள் மட்டும் 10 வைத்திருக்கிறது, ஆனால் ஏஆர் அந்தப் பத்தில் எதிலும் இல்லை, சாதாரண 6ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஏன் என்று பிள்ளைகளே யோசிக்கட்டும்.