டிவினிட்டி ஒரிஜினல் சின் 2: அந்த நீலக் கோடு

இந்தக் கம்ப்யூட்டர் கேமின் விலை இறங்கியதைக் கண்டதும் அக்கரைப்பற்றிலிருந்து மருமகன் கேட்டான்: "மாமா, முதலாவதை விளையாடாமல் நேரே ரெண்டாவதை வாங்கலாமா?"

தாராளமாக வாங்கலாம். உலகம் அதே ரிவெலான்தான், ஆனால் கதை பல நூறு வருடங்கள் தள்ளி நடக்கிறது. 2014இல் வந்த முதலாவதும் நல்ல கேம்தான். ஆனால் அதில் நம்முடைய இரண்டு நாயகர்களும் முரண்பட்டால், எவ்வளவு பாரதூரமான விஷயம் என்றாலும், கல்லு, காகிதம், கத்தரிக்கோல் போட்டுத்தான் தீர்ப்பு. 2017இல் வந்த இதில் அந்தக் கூத்து இல்லை. முன்பு இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாம், இப்போது நாலு பேர்.

நான் என் நாயகனாக எடுத்தது ஃபேன் என்ற எலும்புக்கூட்டை. முகத்தை மூடாமல் சனத்துக்குள் போனால் அலறுவார்கள். நஞ்சு குடித்தால் உடம்பு தேறும். குணப்படுத்தும் மந்திரம் பட்டால் காயம். எதிரி நச்சுப்புகை விட்டால் மற்றவர்கள் ஓட, நான் உள்ளே போய்ச் சுகமாக நிற்பேன். காத்தான்குடிக் கூட்டாளி அவசரத்தில் அன்பாக வைத்தியம் பார்த்தே என்னைக் கொன்ற கதையும் உண்டு.

அப்புறம் அந்தக் கறுப்புப் பூனை. ஃபோர்ட் ஜோய் சிறைத்தீவில் சும்மா பின்னால் வரும். காவலர்களின் கண்ணில் பட்டால் அம்பு விட்டுக் கொன்றுவிடுவார்கள். வளைந்து சுற்றி, அதை உயிரோடு வெளியே கொண்டுபோனால், வேண்டும்போது அழைக்கும் மந்திரமாக அதுவே கிடைக்கும். இதைக் கேம் எங்கேயும் உங்களுக்குச் சொல்லாது. இப்படிப்பட்ட இடத்தில்தான் இந்தக் கேமைச் செய்த லேரியன்காரருக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

சரி, இனி என் வயிற்றெரிச்சல். அநேகமாக எல்லா எதிரிக்கும் உயிருக்கு மேலே, திரையில் கோடாகத் தெரியும் இரண்டு கவசம். சாம்பல் கோடு வாளையும் அம்பையும் தடுக்கும், நீலக் கோடு மந்திரத்தைத் தடுக்கும். சாம்பல் தீராமல் ஆளை விழுத்த முடியாது. நீலம் தீராமல் உறைய வைக்க முடியாது. முதலாவதில் இதெல்லாம் அதிர்ஷ்டம். பலிக்கவும் செய்யும், பிசகவும் செய்யும். அதை ஒழுங்குபடுத்தத்தான் இந்த ஏற்பாடு, நியாயம் விளங்குகிறது. ஆனால் நான் அம்பு விட்டுச் சாம்பலைக் கரைக்க, கூட்டாளி மின்னல் போட்டு நீலத்தைக் கரைக்க, இரண்டும் பாதியில் நிற்க, எதிரி எழும்பி எங்கள் இருவரையும் சுட்டுப்போட்டுப் போவான். ஒரே வயலை இரண்டு பேர் இரண்டு மூலையிலிருந்து உழுவதுபோல. எல்லாரும் வாள், இல்லையென்றால் எல்லாரும் மந்திரம் என்று போனால் சண்டை லேசாக முடியும். அப்படியென்றால் இத்தனை வகை மந்திரத்தைப் போட்டு ஆசை காட்டியது எதற்கு? மழையும் மின்னலும் எண்ணெயும் நெருப்பும் கலந்து விளையாடத்தானே இந்தக் கேமுக்கு வந்தோம்! கடைசிவரை அந்த நீலக் கோட்டில் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

மருமகனே, விலை ஏறும் முன் வாங்கு. நான் இனி அதைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். ஆனால் உங்கள் பொடியன்களில் நாலாவது ஆள் குறைந்தால் சொல்லு, மந்திரக்காரன் இல்லாத கூட்டணி என்றால் வருகிறேன்.